சாக வந்த பிரபு

எங்கள் கெல்டர்பெக் மடத்தில் வாய்விட்டுப் பேச அனுமதி உள்ளவர்கள் மூன்று பேர்தான். மடத்தின் தலைவர் ட்ரோகோ சாமி, சரக்கறையைக் கவனிக்கும் சாமி, வாசல் காக்கும் நான். மற்ற எல்லோருக்கும் கைஜாடைதான். அந்த மூவரில் மற்ற இருவருக்கும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. ஆகவே இங்கே நடந்ததைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. என் பெயர் ஓர்ம். கோயிலில் பாடுகிற சாமி இல்லை நான். தாடி வளர்த்த வேலைக்காரச் சகோதரன். லத்தீன் தெரியாது. கதவைத் திறக்கவும் மூடவும் தெரியும். அதை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று எவனாவது சொன்னால் நேரில் வரச் சொல்லுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கு வென்ஸ் கோட்டைப் பிரபுக்கள் கொடுத்தது. ஏதோ அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஓஸ்பெர்ட் பிரபு ஒரு பாதிரியாரை அடித்து முன்பல்லைக் கழற்றிவிட்டார். அதற்குப் பரிகாரமாக ஜெருசலேம் போய்வரச் சொன்னார்கள். மனிதருக்குக் கடல் என்றால் நடுக்கம். ஜெருசலேமுக்குப் பதிலாக ஒரு மடம் கட்ட இடம் தருகிறேன் என்று பேசி முடித்து, ஓநாயும் சேறும் தவிர வேறு எதுவும் குடியிருக்காத இடமாகப் பார்த்து, அங்கிருந்து ஒரு மண்கட்டியை வெட்டிக்கொண்டு வந்து, நிலத்தைக் கொடுத்ததற்கு அடையாளமாகக் கோயில் பீடத்தின் மேல் வைத்தார். அத்தோடு நிலம் எங்களுடையதாகிவிட்டது. எங்கள் சாமிமார்களும் ஊர் இல்லாத இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார்கள். ஓஸ்பெர்ட்டின் மகன் ஜோசலின் பிரபு ஒரு மாவரைக்கும் ஆலையைக் கொடுத்தார். கோபம் வந்தபோது பிடுங்கிக்கொண்டார். காய்ச்சல் வந்தபோது திரும்பக் கொடுத்தார். காய்ச்சல் விட்டதும் மறுபடி பிடுங்கிக்கொண்டார்.

ஆனால் ஒன்று. எத்தனை சண்டை போட்டாலும் கடைசியில் எல்லோரும் இங்கேதான் வந்தார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆட்களை விட்டுத் தங்களைத் தூக்கிவரச் செய்து, உச்சியை மழித்துக்கொண்டு, வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, துறவியாகச் செத்தார்கள். ஆயுள் முழுக்க வேட்டை, சண்டை, குடி. கடைசி ஒரு நாள் துறவு. சொர்க்கத்துக்குக் குறுக்கு வழி! எங்களைப் போல இருபது வருஷம் அவரைக்காய் தின்ன வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மடத்துக்கும் நஷ்டமில்லை, பிரபுக்கள் சாக வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர்கூட மறுநாள் சாயங்காலத்தைத் தாண்டியதில்லை. ஜோசலினின் மகன் ஹாமோ பிரபு தாண்டிவிட்டார். வந்தது வினை.

அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மழைநாளில் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். முகம் மெழுகாக வெளுத்திருந்தது. பின்னால் ஒரு சாம்பல் நிறக் குதிரையில் அவருடைய மனைவி ஆவிஸ் அம்மாள், அதற்குப் பின்னால் பிரபுவின் வேட்டை நாய்கள். கட்டில் உள்ளே போனது. நான் கதவைச் சாத்தினேன். அந்த அம்மா குதிரையிலிருந்து இறங்கி வந்து கதவில் குத்தினார்.

"கதவைத் தொற."

"முடியாதும்மா. பொம்பளைங்க உள்ள வரக்கூடாது. ராணியே வந்து நின்னாலும் இதே பதில்தான்."

"உள்ள கெடக்கறது என் புருஷன்யா!"

"தெரியும்மா."

"தெரிஞ்சுக்கிட்டே நிக்கறே பாரு, கட்டை மாதிரி. உன்னைப் பெத்தாங்களா, செதுக்குனாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என்ன செய்வது? என் முக்காலியை வெளியே எடுத்துப் போட்டேன், மழைக்கு என் முக்காட்டைக் கொடுத்தேன். அம்மா முக்காட்டை வாங்கிக்கொண்டார். முக்காலியை நாய்தான் எடுத்துக்கொண்டது.

உள்ளே வேலை மளமளவென்று நடந்தது. பிரபுவின் உச்சியை மழித்தார்கள், எண்ணெய் பூசினார்கள், அங்கியை மாட்டி, தரையில் சாம்பல் தூவி, சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் துறவி அப்படித்தான் சாக வேண்டும். உன்னைக் கடவுளுக்குக் கொடுக்கிறாயா என்று ட்ரோகோ சாமி கேட்டார். பிரபு உதட்டை அசைத்தார். ஸ்கார் குன்றின் மேய்ச்சல் நிலத்தையும் மடத்துக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டார். அதற்கும் உதடு அசைந்தது. அவருடைய செருப்பு, இடுப்புக் கச்சை, மோதிரம், மேலங்கி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி என்னிடம் அனுப்பினார்கள். துறவிக்கு அதெல்லாம் ஆகாது அல்லவா? நான் கதவின் சிறு திறப்பு வழியாக அம்மாவிடம் நீட்டினேன். அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். 

அன்றைக்கும் மறுநாளும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மருத்துவக் கூடத்தைப் பார்ப்பவர் விமண்ட் சாமி. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், யாரையும் சாக விடமாட்டார். எங்கள் சட்டப்படி நோயாளிக்கு மட்டும் இறைச்சிச் சாறு கொடுக்கலாம். சாம்பலில் கிடந்த பிரபுவின் வாயில் விமண்ட் சாமி ஆட்டுக்கறிச் சாறாக ஊற்றிக்கொண்டே இருந்தார். சாமிமார்கள் சுற்றி நின்று மரண ஜெபம் பாடுகிறார்கள், நடுவில் இவர் அகப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் ஜெபம் முடியும் நேரத்தில் பிரபு கண்ணைத் திறந்து, "உப்பு பத்தலை" என்றார்.

நான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவருக்கு. எனக்கும்தான், வெட்கமென்ன.

"உப்பா கேட்டாரு? அப்ப பொழச்சுட்டாரு. வீட்லயும் அதே பாட்டுதான். சரி, எப்ப அனுப்புவீங்க?"

"கேட்டுட்டு வர்றேம்மா. இருங்க."

ட்ரோகோ சாமியிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர் அவர், யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாது. கோயில் கூரை பாதியில் நிற்கிறதே, ஆடு மேய்க்க இடமில்லையே என்ற கவலையில் நெற்றி எப்போதும் சுருங்கியே இருக்கும். நான் கேட்டதும் அந்த நெற்றி இன்னும் சுருங்கியது.

"எப்படிடா அனுப்புறது, ஓர்ம்? அவரு இப்ப துறவி. கடவுளுக்கு முன்னாடி வார்த்தைப்பாடு குடுத்துட்டாரு. சாகற வரைக்கும் இங்கதான்."

"சாமி, சாகறதுக்குத்தானே வந்தாரு. சாகலையே!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று பாவமாகக் கேட்டார். "இன்னொண்ணு கேட்டுக்கோ. புதுசா வந்த துறவிக்கு வெளியிலேர்ந்து ஒரு சேதியும் போகக்கூடாது. அந்தம்மா பேரைக்கூட அவருகிட்ட எடுக்காத."

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தர். நடுவில் நான், கடிவாளம் போட்ட வாயோடு.

அந்த அம்மா விடுவதாக இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துவிடுவார், நாய்களையும் கூட்டிக்கொண்டு. எஜமான் இல்லாமல் அவை சாப்பிட மறுக்கின்றனவாம். இங்கே சுவரோரம் வந்து படுத்தால்தான் ஒரு வாய் தின்னுகின்றனவாம்.

"என்ன வாசக்காரா, நான் வந்திருக்கேன்னு சொன்னியா?"

"பெரிய சாமிகிட்ட சொன்னேம்மா."

"அவரு எம் புருஷன்கிட்ட சொன்னாரா?"

"அது... அவரு ஜெபத்துல இருக்காரும்மா."

"ஜெபம் ஜெபம்! முப்பது வருஷமா அவரு கொறட்டையைக் கேட்டுக்கிட்டுப் படுத்தவ நான். அந்த ஒரு ஜெபத்துக்கே எனக்குச் சொர்க்கத்துல எடம் இருக்கு. ஆளும் போச்சு, கல்யாணத்தன்னிக்கு எனக்குன்னு குடுத்த குன்றும் போச்சு. குன்று கெடக்கட்டும், கல்லும் முள்ளும். ஆளு நல்லாத் திங்கறாரா?"

"அவரைக்காய்மா."

"ஐயோ! அவருக்கு அதைக் கண்டாலே ஆகாதே!"

உண்மையைச் சொல்கிறேன், ஹாமோ பிரபுவைப் போல ஒரு மோசமான துறவியை எங்கள் மடம் பார்த்ததே இல்லை. விடியற்கால ஜெபத்தில் நின்றுகொண்டே தூங்குவார். விழித்துக்கொண்டால் பாடுவார், அதற்கு அவர் தூங்கியே இருக்கலாம். காட்டில் நாய்களை அழைத்து அழைத்துப் பழகிய தொண்டை அது. அவர் ஜெபப் பாட்டை எடுத்தால் சுவருக்கு வெளியே நாய்கள் எல்லாம் சேர்ந்து பதில் பாடும். சாமிமார்கள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க நிற்பார்கள். நோயாளிக்கு இறைச்சிச் சாறு உண்டு என்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டு, ஒருநாள் இருமிக்கொண்டே விமண்ட் சாமியிடம் போனார். விமண்ட் சாமி அவர் மார்பில் காது வைத்துக் கேட்டு, கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

இவ்வளவு இருந்தும் யாருக்கும் அவர் மேல் கோபம் வரவில்லை. கூரை வேலைக்கு இரண்டு பேர் தூக்கும் உத்தரத்தை ஒருவராகத் தூக்குவார். வயதான சாமிகளைக் குழந்தை மாதிரி படியேற்றிவிடுவார். அவர் வந்த பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் கைஜாடைகூடக் கலகலவென்று ஆகிவிட்டது.

பிறகு அறுவடை முடிந்தது. அவர் இருமுவதையும் விட்டுவிட்டார், உத்தரம் தூக்குவதையும் விட்டுவிட்டார். அங்கிக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே வந்தார். பிரபு அவரைக்காய் பறிக்கும் பாத்தி என் வாசலிலிருந்து கூப்பிடு தூரம்தான். நாய்கள் குரைத்தால் கூடையைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 

ஒருநாள் கூடையோடு என் பக்கம் நகர்ந்து வந்தார். நாய் என்று ஜாடை காட்டினார், வாசலைக் காட்டினார். நான் தலையாட்டினேன். அப்புறம் வேறு ஏதோ கேட்கக் கையைத் தூக்கினார், கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் ஜாடைகளில் ரொட்டிக்கு உண்டு, தேனீக்கு உண்டு, மீனில் மட்டும் எத்தனையோ வகைக்கு உண்டு. மனைவிக்கு இல்லை. துறவிக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கையைக் கீழே போட்டுவிட்டு, வாயாலேயே கேட்டுவிட்டார் மனிதர்.

"ஓர்ம், நாய்ங்களை வேலைக்காரன்தான் கூட்டிட்டு வர்றான் போல. அவ ஒரு தடவைகூட வரல இல்ல?"

வந்தார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதே நேரம் சரக்கறைச் சாமி பாத்தியின் அந்தக் கோடியிலிருந்து எட்டிப் பார்த்தார். பிரபு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா வரவில்லை என்பதால்தான் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று அவர் நினைத்திருப்பார். அன்று முழுக்க யார் தட்டினாலும் கதவைப் படார் படாரென்று திறந்து மூடினேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

அந்த வாரமே, எங்கள் மடத்தைத் தொடங்கிவைத்த தாய்மடத்தின் தலைவர் கோஸ்வின் சாமி வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை தாய்மடத்துத் தலைவர் வந்து மகள்மடத்தை ஆராய்ந்து பார்ப்பது எங்கள் சபையின் வழக்கம். ஒல்லியான கிழவர், முழங்காலில் வலி, கோவேறு கழுதையிலிருந்து இறங்குவதற்குள் மூன்று சாமிகளை வேலை வாங்கிவிட்டார். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு என்ன குறை என்று கேட்பார். அவரிடம் எதையும் மறைக்கக்கூடாது, அது சட்டம். பீர் தண்ணீராக இருக்கிறது என்றார்கள். மணி அடிப்பவன் தூங்கிவிடுகிறான் என்றார்கள். என் முறை வந்தது. ட்ரோகோ சாமி பிரபுவிடம் சேதி சொல்லக்கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்? கோஸ்வின் சாமியிடம் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே! ஆனாலும் வாசல் வேலையைப் பிடுங்கி என்னைப் பன்றிக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டால்?

"உனக்கு என்னப்பா கொறை?"

"எனக்கில்ல சாமி. வாசல்ல நிக்கற ஒரு அம்மாவுக்கு."

"பொம்பளைங்க விவகாரம் நமக்கெதுக்கு?"

"அந்தம்மா புருஷன் நம்ம அவரைக்காய்ப் பாத்தியில நிக்கறாரு சாமி."

கிழவர் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். "சொல்லு. சுருக்கமா."

சுருக்கமாகச் சொல்ல எனக்கு எப்போது வந்தது? ஓஸ்பெர்ட் பிரபு பல்லை உடைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். அவர் தடுக்கவில்லை. முடித்தபோது அவருடைய பீர் கோப்பை காலியாக இருந்தது. பிறகு ட்ரோகோ சாமியை அழைத்து, அந்த அம்மாவை விசாரிக்க வேண்டும் என்றார். அதற்கும் அவர் உள்ளே வரக்கூடாது. எனவே விசாரணையே என் வாசல் அறைக்கு வந்துவிட்டது.

என் அறை மதில் சுவருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கதவு உள்பக்கம், ஒரு கதவு வெளிப்பக்கம், நடுவில் என் கட்டில். கோஸ்வின் சாமி என் கட்டிலில் உட்கார்ந்தார். ட்ரோகோ சாமி உள்பக்கம் நின்றார். நான் வெளிக்கதவைத் திறந்தேன். நிலைப்படிக்கு வெளியே ஆவிஸ் அம்மாள், நாய்களின் கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு. அப்போது ஹாமோ பிரபுவை அழைத்து வந்தார்கள்.

அம்மா அவரைப் பார்த்தார். உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார், முடியவில்லை, சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

"என்ன கோலம் இது! உச்சந்தலையில சட்டியக் கவுத்துச் சொரண்டுனாங்களா?"

"சிரிக்காத, ஆவிஸ்" என்றார் பிரபு. காது வரைக்கும் சிவந்துவிட்டது அவருக்கு.

"எளச்சுப் போயிட்டீங்களே" என்றார் அம்மா. அதற்குள் அவருடைய சிரிப்பு எங்கோ போய்விட்டது.

கோஸ்வின் சாமி தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க புருஷன் இந்த அங்கியைப் போடறப்ப நீங்க சம்மதிச்சீங்களா?"

"யாரு சாமி என்னைக் கேட்டா? செருப்பைக் குடுத்தாங்க, கச்சையைக் குடுத்தாங்க. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கலை."

கிழவர் ட்ரோகோ சாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கலை" என்றார் ட்ரோகோ சாமி. பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. "தப்பு என்னோடதுதான். அவங்க வெளியில, நாங்க உள்ள. அவரு சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாருன்னு நெனச்சோம் சாமி. அவங்க அப்பா தாங்கலை, தாத்தாவும் தாங்கலை."

"அப்ப, செத்துடுவாருங்கற நம்பிக்கையில துறவியாக்கிட்டீங்க?"

ட்ரோகோ சாமி தரையைப் பார்த்தார். கோஸ்வின் சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமே இல்லாமல், எங்கள் வழக்கப்படி, உடம்பு மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என் கட்டில் கிரீச் கிரீச்சென்றது.

"சட்டம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பெண்டாட்டி மனசார சம்மதிக்காம புருஷன் துறவியாக முடியாது. சம்மதிச்சா வார்த்தைப்பாடு நிக்கும், இல்லேன்னா இல்ல. இப்ப கேக்கறேம்மா. சம்மதமா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பிரபு குறுக்கே விழுந்தார். "அவசரப்படாத, ஆவிஸ். எனக்கும் வீட்டுக்கு வரணும்னுதான் இருக்கு. ஆனா ஆண்டவருக்கு என்னைக் குடுக்கறேன்னு சொல்லிட்டேனே. சொன்ன சொல்லை மீறி வந்து, அவரு கோபத்துல மறுபடி என்னைப் படுக்கப் போட்டுட்டாருன்னா?"

"என்னைக் குடுக்கறேன்னு சொன்னீங்களா? எவ்வளவு தாராளம்!" அம்மா நாய்களின் வாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். "அதுக்கு முப்பது வருஷம் முன்னாடி, கோயில் வாசல்ல நின்னு, என்னைக் குடுக்கறேன்னு எங்கிட்ட சொன்னீங்க. மறந்துபோச்சா? அன்னிக்கு அதே ஆண்டவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. ஏற்கெனவே எனக்குக் குடுத்த பொருளை எங்கிட்ட கேக்காம இன்னொருத்தருக்குக் குடுத்தா, கோபம் எனக்குத்தான் வரணும், அவருக்கு எதுக்கு வருது? சம்மதம் இல்ல சாமி. சம்மதமே இல்ல."

பிரபு தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தோள் இரண்டும் நிமிர்ந்துவிட்டன. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

"அப்ப இவரு துறவி இல்ல" என்றார் கோஸ்வின் சாமி. "குன்றும் அதே மாதிரிதான், ட்ரோகோ. கல்யாணத்துல இந்தம்மாவுக்குன்னு வெச்ச நெலம். அவங்களைக் கேக்காம வாங்கினது செல்லாது."

ட்ரோகோ சாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆடுகளையும் பாதிக் கூரையையும் நினைத்திருப்பார். நானும் அந்தக் கூரைக்குக் கீழே நனைகிறவன்தான், எனக்கும் பக்கென்றது.

"குன்றை நீங்களே வெச்சுக்கோங்க" என்றார் அம்மா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"நான் தர்றேன். மனசாரத் தர்றேன். நாளைக்கே அங்கேர்ந்து மண்கட்டி வெட்டிக்கிட்டு வந்து இந்தப் படியில வெக்கறேன், உங்க பீடத்துக்கு நீங்களே தூக்கிட்டுப் போங்க. ஆனா எனக்கு ஒண்ணு வேணும்." இதுவரை யாரையும் விட்டுவைக்காத அந்தக் குரல் இப்போது தடுமாறியது. "அன்னிக்கு இந்தக் கதவுக்கு வெளியில நின்னேன் சாமி. ராத்திரி முழுக்க, மழையில. உள்ள இவருக்கு உயிர் போயிட்டிருக்குன்னு சொன்னாங்க. கையைப் பிடிச்சுக்கக்கூட முடியலை. இவங்க வம்சத்துல எல்லாரும் இங்கதான் வந்து சாவாங்க, அது எனக்குத் தெரியும். இவரும் ஒரு நாள் வருவாரு. வரட்டும். ஆனா அன்னிக்கு நான் வெளியில நிக்க மாட்டேன். பக்கத்துல இருக்கணும்."

ஹாமோ பிரபு ஒரு அடி முன்னால் வந்தார். "நீ வந்தியா?"

"வந்தியாவா! கேள்வியைப் பாரு. உங்க வாசக்காரனைக் கேளுங்க."

பிரபு என்னைப் பார்த்தார். நான் ட்ரோகோ சாமியைப் பார்த்தேன். ட்ரோகோ சாமி தலையசைத்தார். அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. மழையைச் சொன்னேன், முக்காட்டைச் சொன்னேன், முக்காலியில் நாய் படுத்ததைச் சொன்னேன், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்ததைச் சொன்னேன், உப்பு கேட்டார் என்றதும் தரையில் உட்கார்ந்ததைச் சொன்னேன். இத்தனை நாள் அடைத்து வைத்தது எல்லாம் கொட்டியது. அம்மாவே போதும் போதும் என்று கையை ஆட்டினார். பிரபுவோ அந்த வெள்ளை அங்கியின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய மனிதர், ஏங்கி ஏங்கி அழுதார்.

கோஸ்வின் சாமி அவர் அழுது முடிக்கும் வரை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பொம்பளைங்க மடத்துக்குள்ள வரக்கூடாதுங்கறது சட்டம். அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். அம்மாவின் முகம் இறுகியது. கிழவர் என் அறையைச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்திருந்த கட்டிலைத் தட்டிப் பார்த்தார். "ட்ரோகோ, இந்த ரூம் மடத்துக்கு உள்ளயா, வெளியிலயா?"

"சுவர்லயே இருக்கு சாமி. அந்தக் கதவைத் தாண்டினாத்தான் உள்ள."

"அப்ப சரி. அந்த நாள் வர்றப்ப இவரை இந்தக் கட்டில்ல படுக்க வைங்க. ரெண்டு கதவையும் தொறந்து வைங்க. சாமிமாருங்க அந்தப் பக்கத்துலேர்ந்து ஜெபம் சொல்லட்டும். அம்மா இவரு பக்கத்துல உக்காந்துக்கட்டும். யாரு சட்டத்தை மீறினது?"

"சாமி" என்றேன் நான், "அது என் கட்டில்."

"அதுக்கென்ன? ஒரு நாள் தரையில படு."

யாரும் என் பக்கம் பேசவில்லை. இருபது வருஷமாக நான் படுக்கிற கட்டில்! ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் மேலே வாதாட மனம் வரவில்லை. ட்ரோகோ சாமியின் நெற்றி முதல் தடவையாகச் சுருக்கமில்லாமல் இருந்தது. இப்படி ஒரு முகம் அவருக்கு உண்டென்றே எனக்குத் தெரியாது.

அம்மா நிலைப்படியில் தயங்கி நின்றார். இத்தனை நாள் அடைத்த வாசல் அல்லவா? கோஸ்வின் சாமி வாங்க என்று கையைக் காட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அம்மா உள்ளே வந்து, குனிந்து என் படுக்கையை அழுத்திப் பார்த்தார்.

"இதுலயா? நாலு குச்சி வைக்கோலைப் போட்டு, அதுக்குக் கட்டில்னு பேரு வேற! இவரு முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"இப்பவே எதுக்கு ஆவிஸ் அந்தப் பேச்சு?" பிரபு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். "வா, இப்படி உக்காரு."

அம்மா உட்கார்ந்தார். பிரபு தன் பெரிய கையை நீட்டினார். அவரைக்காய் பறித்துப் பறித்து விரலெல்லாம் பச்சைக் கறை.

"அன்னிக்குப் பிடிச்சுக்க முடியலைன்னியே. இந்தா, பிடிச்சுக்கோ."

அம்மா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் கட்டில் மடாரென்று முறிந்தது. பிரபு இளைத்திருந்தார்தான், அம்மா இளைக்கவில்லையே. இரண்டு பேரும் வைக்கோலோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ட்ரோகோ சாமி பதறிப்போய்த் தூக்கிவிட ஓடினார். கோஸ்வின் சாமி அவர் அங்கியைப் பிடித்து நிறுத்தினார். தரையில் கிடந்த இருவருக்கும் எழுந்திருக்கும் உத்தேசமே இல்லை, பிடித்த கையை விடும் உத்தேசமும் இல்லை. அம்மா அவருடைய மொட்டை உச்சியைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தார், பிரபுவும் சிரித்துக்கொண்டிருந்தார். சாமிகள் இருவரும் உள்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். நானும் வெளியே வந்து வெளிக்கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, நாய்களோடு படியில் உட்கார்ந்துகொண்டேன்.